கம்பியில்லாப் பெட்டியும் நமது சங்கங்களும்

தென்காசி, குற்றாலம் பகுதிகளில் ஆனி பிறந்தால் சாரல் பிறக்கும். சாரல் பிறந்தால் கார் சாகுபடிக்கு உரம் வாங்குவோர் சங்க வாசலில் வந்து நிற்பர். இவ்விரண்டும் நெடுங்காலமாக நடந்து வருவன. அண்மை ஆண்டுகளில் மூன்றாவதாக ஒன்றும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. "நெட் இல்லை அண்ணாச்சி, நாளைக்கு வாங்க" என்று விற்பனையாளர் கூறும் சொல்லே அது.

2018 முதல் மானிய உரத்தை விற்பனைக் கருவியில் விரல்ரேகை பதித்தே வழங்க வேண்டியிருக்கிறது. மூட்டை கிடங்கில் இருக்கும். பணம் விவசாயியின் மடியில் இருக்கும். ஆயினும் இணைப்பு இல்லையெனில் மூட்டை நகராது. நெசவாளர் சங்கத்திலும் நிலைமை இதுவே. கூலிப் பட்டியல், நூல் கோரிக்கை, புதிய ரகத்தின் படத்தை வெளியூர் வியாபாரிக்குக் காட்டுவது ஆகிய யாவும் இணைப்பை நம்பியே நடைபெறுகின்றன. 2022 ஜூனில், நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டு செல்வதற்கெனத் தனி நிறுவனமே அமைக்கப்பட்டது. இழை வரும், கணினி வரும், பெட்டியும் வரும். பெட்டியை அறிந்த ஆள் வருவாரா என்பதே நமது கவலை.

ஆய்வின்பொருட்டுச் சங்கந்தோறும் செல்லும் நாம் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் காண்கின்றோம். தராசின் படிக்கல்லில் குறை இருந்தால் கண்டுபிடிக்க அங்கத்தினர் அனைவருக்கும் தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளிக்குக் கை தானே அங்கே செல்லும். ஆனால் சுவரில் பச்சை விளக்குகளோடு கண் சிமிட்டும் அந்தப் பெட்டியைக் கண்டால் மட்டும் எல்லோரும் கைகட்டி நிற்கின்றனர். காரியதரிசிக்கும் தெரியாது, எழுத்தருக்கும் தெரியாது, இணைப்புக் கொடுத்த நிறுவனத்துப் பையன் வந்தால்தான் உண்டு. அவன் தென்காசியிலிருந்து வர ஒரு நாள் ஆகலாம். மூன்று நாளும் ஆகலாம். ஜனநாயகமாக நடைபெற வேண்டிய ஸ்தாபனம் ஒன்று, தன் வாசல் சாவியைப் பிறன் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே காத்து நிற்பது அழகாகாது.

"நெட் இல்லை" என்பது ஒரு நோயன்று. நான்கு நோய்களுக்கு நாம் இட்டிருக்கும் ஒரே பெயர். மின்சாரம் இல்லாமையும் நெட் இல்லை. தெருவில் இழை அறுந்ததும் நெட் இல்லை. பெட்டிக்கும் கணினிக்கும் நடுவில் உள்ள ஒயர் நைந்ததும் நெட் இல்லை. அலை எட்டாமையும் நெட் இல்லை. இவற்றைப் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

தெருக் கம்பத்திலிருந்து வரும் மெல்லிய கறுப்பு ஒயருக்குள் தலைமயிர் பருமனே உள்ள கண்ணாடி இழை ஒன்று இருக்கிறது. செய்தி அதில் ஒளியாக வருகின்றது. அந்த ஒளியை மின்குறியாக மாற்றும் பெட்டியில் 'பான்' என்று குறித்த விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் ஒளி வந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை. எங்கோ இழை அறுந்தோ மடங்கியோ இருக்கிறது. அந்த நேரத்தில் பெட்டியை நூறு முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. நிறுவனத்துக்குச் சொல்லி அனுப்புவது ஒன்றே வழி. சிவப்பு எரியாதபோது நிறுவனத்தாரைக் கூப்பிட்டுக் காத்திருப்பதும் பல வேளைகளில் வீண். இந்த ஒரு விளக்கைப் படிக்கத் தெரிந்திருந்தால் எத்தனையோ நாள்கள் மிஞ்சும்.

அடுத்தது கம்பியில்லா அலையை வெளியிடும் கருவி. சிறு சங்கங்களில் இது மேற்சொன்ன பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கும். பெரிய கட்டடமாயின் அக்சஸ் பாயின்ட் எனப்படும் தனிக் கருவியாகக் கூரையிலோ சுவரிலோ பொருத்துவர். உள்ளே இருப்பது வானொலி நிலையம் ஒன்றின் சிற்றுருவமே. பேசும் வானொலி, கேட்கும் வானொலி, ஆண்டெனா, இவற்றை நடத்தும் சிறு கணினி, இவ்வளவுதான். மாயம் ஒன்றும் இல்லை. 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சுவரைக் கடந்து மணி அடிக்கச் செய்து காட்டியதும் இதே இனத்துச் சிற்றலையைக் கொண்டுதான்.

இவ்வலைகளுக்குப் பெருவழக்கான பாதைகள் இரண்டு. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். மற்றது 5 கிகாஹெர்ட்ஸ். நீளம் அதிற் பாதிக்கும் குறைவு. முதலாவது மெதுவானது, ஆயினும் சுவரை ஓரளவு கடந்து தொலைவு செல்லும். இரண்டாவது விரைவானது, சுவர் கண்டால் தளர்ந்துவிடும். இந்தியாவில் முதலாவதை 2005-இலும், இரண்டாவதின் பெரும்பகுதியை 2018-இலும் உரிமம் இன்றி உபயோகிக்க அரசு அனுமதித்தது. எனவே சங்கம் தன் கட்டடத்தில் பெட்டி வைக்க எவரிடமும் லைசென்சு கேட்டு நிற்க வேண்டியதில்லை. உரிமம் இல்லாத பாதையாதலால் பக்கத்துக் கடை, எதிர்வீடு, மாடியில் இருப்பவர் எல்லோரும் அதே பாதையில்தான் நடக்கின்றனர். 2.4-இல் ஒன்றோடொன்று இடியாத வாய்க்கால்கள் 1, 6, 11 என்ற மூன்றே. தென்காசி கடைத்தெருவில் முப்பது பெட்டிகள் இம்மூன்று வாய்க்காலில் நீர் இறைத்தால், மடை வறண்டது என்று அணையைக் குறை கூறுவதில் நியாயம் இல்லை. நகரத்துச் சங்கங்கள் 5-ஐ நாடுவதும், வயல் நடுவே உள்ள சங்கங்கள் 2.4-ஐ நம்புவதும் பொருத்தம் என்பது நமது அபிப்பிராயம்.

இனிப் பெட்டி வைக்கும் இடம். இங்கேதான் நமக்குப் பெரும் மனக்குறை. எத்தனையோ சங்கங்களில் பெட்டியைத் திருட்டுக்கு அஞ்சி இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கின்றனர். அல்லது காரியதரிசியின் மேசைக்குக் கீழே, பழைய பேரேடுகளுக்குப் பின்னால் செருகியிருக்கின்றனர். இரும்பு அலையை மறித்துத் திருப்பிவிடும். கருங்கற்சுவர் விழுங்கிவிடும். உர விற்பனையோ கிடங்கு வாசலில், இரண்டு சுவரும் ஓர் இரும்புச் சுருள்கதவும் தாண்டி நடைபெறுகிறது. அங்கே அலை எட்டாமற் போவதில் வியப்பென்ன?

சிலர் இதற்குப் பரிகாரமாக, "அதிகச் சக்தியோடு அலை வீசும் பெட்டி வாங்கினால் சரியாகிவிடும்" என்று தீர்மானம் இயற்றுகின்றனர். பேச்சு இருவழிப்பட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். பெட்டி உரக்கக் கூவலாம். விற்பனைக் கருவிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு வானொலியின் மெல்லிய குரல் திரும்பிவந்து பெட்டியை எட்ட வேண்டுமே! அயலூர்த் திருவிழாவின் ஒலிபெருக்கி நம் காதில் விழுகிறது என்பதால், நாம் இங்கிருந்து பேசினால் அங்கே கேட்டுவிடுமா? விலையுயர்ந்த பெட்டியினும், சரியான இடத்தில் மாட்டிய சாதாரணப் பெட்டியே மேல். ஆளுயரத்துக்கு மேல், திறந்த சுவரில், வேலை நடக்கும் இடத்திற்கு நேர்ப்பார்வையில் மாட்டுக. குச்சிபோன்ற ஆண்டெனா உள்ள பெட்டியாயின் குச்சியைச் செங்குத்தாக நிறுத்துக. அலை குச்சியின் பக்கவாட்டிலேயே பரவும், முனையில் அன்று. கருவியை நோக்கித் துப்பாக்கிபோல் நீட்டி வைப்பவர்கள், அலை மிகக் குறைவாக உள்ள திசையையே கருவிக்குக் கொடுக்கின்றனர்.

பெட்டியைப் பூட்டி வைக்கும் வழக்கம் புதியதன்று. பஞ்சாயத்து வானொலி வந்த காலத்தைப் பெரியவர்கள் நினைவுகூர்வர். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் தொடங்கிய பிறகு வேளாண்மைச் செய்தி இப்பகுதிக்கு மிக அருகிலிருந்தே வந்தது. ஒலிபெருக்கியைப் பூங்காவில் வைத்த ஊரில் மாலையில் ஊரே கூடிக் கேட்டது. பெட்டி தலைவர் வீட்டுத் திண்ணையைத் தாண்டாத ஊரில் தலைவர் வீட்டார் கேட்டனர். வானொலி மூலம் விவசாயிகளிடையே பரவியதால் ஆடுதுறை 27-க்குத் தஞ்சைப் பக்கத்தில் 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கியது. கருவி ஒன்றே, வைத்த இடம் பலனை மாற்றியது.

இது நிற்க. சாரலின்மேல் சுமத்தப்படும் பழியையும் சற்று ஆராய்வோம். "சாரல் விழுந்தால் வைஃபை வராது" என்பது இப்பக்கத்தில் ஏறக்குறைய பழமொழியாகிவிட்டது. கட்டடத்துக்கும் கிடங்குக்கும் இடையே நூறு, இருநூறு அடியில் விழும் மழைத்துளி இந்த அலையைக் குறைக்கும் அளவு மிகச் சொற்பம். கணக்கில் எடுக்கவே வேண்டாம். பழி வேறிடத்தில் உள்ளது. நனைந்த தென்னை ஓலை காய்ந்த ஓலையைவிட அலையை நன்றாக விழுங்கும். ஆகவே தோப்பின் ஊடே அலை அனுப்புவோர் மரத்துக்கு மேலாகவோ, மரம் இல்லாத வரப்பின் வழியாகவோ அனுப்ப வேண்டும். அடுத்து, வெளியே மாட்டிய கருவியின் ஒயர் நுழையும் துளை. அத்துளை மேல்நோக்கி இருந்தால் மழைநீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கிவிடும். துளை கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஒயரும் நுழைவதற்குமுன் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து மேலேறி நுழைய வேண்டும். அப்போது நீர் அந்த வளைவில் சொட்டிப்போகும். குற்றாலத்துச் சாரல் நேர்மழையன்று. காற்றோடு கலந்து பக்கவாட்டில் அடித்து, எங்கும் ஈரம் கோத்துக்கொள்ளச் செய்வது. மதுரைக்குப் போதுமான மூடி ஐந்தருவிக்குப் போதாது. ரப்பர் வளையத்தோடு கூடிய மூடியும், வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட ஒயரும் இங்கே ஆடம்பரமல்ல.

ஒயரைப் பற்றிச் சொல்லும்போது நெசவாள நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. லேன் ஒயரின் உறையை உரித்துப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகளாக இருக்கும். இணைக்கு இணை முறுக்கு வேறுபடும். ஒன்று நெருக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருக்கும். ஏன் அப்படி? ஓர் இணையில் செல்லும் செய்தி அடுத்த இணையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே. முறுக்கின் அருமையை நூலில் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? முனையில் இணைப்பான் மாட்டும்போது வண்ண வரிசை தவறக்கூடாது. வெள்ளை கலந்த ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை கலந்த பச்சை, நீலம், வெள்ளை கலந்த நீலம், பச்சை, வெள்ளை கலந்த பழுப்பு, பழுப்பு என்பது பெருவழக்கான வரிசை. அச்சுப்பல்லில் இழை ஏற்றும் கைகளுக்கு எட்டு இழை ஒரு வேலையா? முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதிருப்பது நல்லது. சங்கரன்கோவிலிலும் கடையநல்லூரிலும் தறியில் அமரும் பெண்மக்களிடம் கிரிம்பிங் கருவியைக் கொடுத்து ஒருமுறை காட்டினால், நகரத்திலிருந்து வரும் ஆள் செய்வதைக் காட்டிலும் சுத்தமாகச் செய்வர் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஒயர் வாங்குவதில் ஒரு மோசடி நடைபெறுகிறது. எச்சரிக்கை செய்வது நமது கடமை. முழுச் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி, பாதி விலைக்கு விற்கின்றனர். பிளேடால் கம்பியின் மேற்பரப்பைச் சுரண்டினால் உள்ளே வெண்மை தெரிந்துவிடும். அக்சஸ் பாயின்டுக்கு மின்சாரமும் அதே லேன் ஒயர் வழியாகவே செல்வதுண்டு. முலாம் பூசிய ஒயர் அப்போது சூடேறும், வளைத்தால் ஒடியும், கடைசிமுனைக்கு மின்னழுத்தமும் போதாது. மலிவான கொட்டேஷனை ஏற்றதற்காகத் தணிக்கையில் பாராட்டுப் பெறும் சங்கம் மறு ஆண்டே மறுபடி ஒயர் வாங்கும். இவ்வகை ஒயரின் எல்லை 100 மீட்டர் என்பதையும் நினைவிற் கொள்க. அதற்கு மேலாயின் கண்ணாடி இழையே தகுந்தது.

மின்சாரமே பெட்டியின் உயிர். நாம் பார்த்தவரை பழுதான பெட்டிகள் என்று மூலையில் போடப்பட்டவற்றில் பலவற்றில் பெட்டி நன்றாகவே இருந்தது, அடாப்டர்தான் இறந்திருந்தது. புதிய அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அளவு பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும்; ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 12 வோல்ட் பெட்டிக்கு 9 வோல்ட் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திட்டக்கூடாது. ஆடிக்காற்றில் மின்சாரம் நிமிடத்துக்கு ஒருமுறை போய்வரும் ஊர்களில், கணினிக்கு மட்டும் பேட்டரி வைத்துப் பெட்டியை வெறும் பிளக்கில் மாட்டுவது என்ன கணக்கோ தெரியவில்லை. கணினி விழித்திருக்கும், பெட்டி உறங்கும். ரூட்டருக்கென்றே சிறு பேட்டரிப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஐப்பசி இடிக்கு அஞ்ச வேண்டியது வேறு. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதைத் தாங்கிவரும் எஃகுக் கம்பி கடத்தும். மொட்டைமாடிக் கருவியிலிருந்து இறங்கும் செம்பு ஒயரும் கடத்தும். அங்கே இடிதாங்கும் சிறு கருவியும், நல்ல எர்த்தும் வேண்டும். பெயருக்கு ஒரு கம்பியை மண்ணில் செருகுவது எர்த்து ஆகாது.

பின்புறத்துச் சிறு துளையைப் பற்றியும் கூறிவிடுவோம். ஊக்கு நுழைத்து அழுத்தும் அத்துளை, பெட்டியை அணைத்துப் போடுவதற்கு உரியதன்று. உள்ளிருக்கும் அமைப்புகள் அனைத்தையும் அழித்துவிடுவது. நமது வட்டத்தில் ஒரு சங்கத்தில் நல்லெண்ணம் படைத்த ஒருவர் அதை அழுத்த, நான்கு நாள் விற்பனை நின்றது. கடவுச்சொல்லும் அமைப்பு விவரமும் காகிதத்தில் எழுதி இரும்புப் பெட்டியில் இருந்திருந்தால் அரைமணியில் சரியாகியிருக்கும். இரும்பு அலமாரியில் வைக்க வேண்டியது அந்தக் காகிதத்தைத்தான்! தொழிற்சாலையில் இட்டு அனுப்பிய கடவுச்சொல்லையே வைத்திருப்பது, புதுப் பூட்டை அதன் சாவியோடு தொங்கவிடுவதற்கு ஒப்பாகும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சங்கத்தின் சொந்த வேலைக்கு. அங்கத்தினருக்கும் இதனால் பயன் விளைய வேண்டாமா? 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பிஎம்-வாணி என்ற ஏற்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி டீக்கடையோ, மளிகைக் கடையோ, ஒரு சங்கமோ பொதுத் தரவு நிலையமாக விளங்கி, லைசென்சும் பதிவும் கட்டணமும் இன்றி, தன் இணைப்பை வைஃபை மூலம் பொதுமக்களுக்கு விற்கலாம். பயனாளரைச் சரிபார்ப்பதும் கணக்கு வைப்பதும் அவர்களை ஒருங்கிணைக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. ஆகவே, "யாராவது தவறான காரியம் செய்தால் சங்கத்தின் தலையில் விழுமே" என்று அஞ்சும் தலைவர்கள் இதைப் படித்துப் பார்ப்பது நலம். முன்பு இத்தகைய நிலையங்களிடம் நிறுவனங்கள் அதிக வாடகை கேட்டன. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு இணைப்புக் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இவர்களிடம் கேட்கக்கூடாது என்று வரம்பு கட்டியது. குற்றாலத்தில் சீசன் காலத்தில் வந்து குவியும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். அருவிக்குச் செல்லும் வழியில் கைத்தறித் துண்டும் தேனும் விற்கும் ஒரு கூட்டுறவுக் கடை, இந்தச் சேவையையும் சேர்த்து வழங்கினால் வாடிக்கையாளர் வாசலில் நிற்பர். நின்றவர் துண்டையும் பார்ப்பர்.

இதை எதிர்ப்போர் கூறும் வாதம் நமக்குத் தெரியும். கைபேசியில் அவரவர்க்கு இணைப்பு இருக்கும்போது சங்கத்துக்கு ஏன் இந்த வேலை என்பர். நகரத்தில் இருப்போர்க்கு அது சரி. மலையடிவாரத்தில் கோபுரத்தின் வீச்சு எட்டாத குடியிருப்புகள் உண்டு. மாத ரீசார்ஜ் தீர்ந்த பிறகு அடுத்த கூலி வரும்வரை காத்திருக்கும் தறிக்குடும்பங்களும் உண்டு. அக்குடும்பத்துப் பெண் தேர்வு விண்ணப்பத்தை அனுப்ப எங்கே போவாள்? தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் கிராமத்துப் பிள்ளைகளைக் கொண்டே வேலை நடத்தி வருகிறது. பிள்ளைகளுக்கு ஆற்றல் இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது.

ஆதலின் வருகிற காருக்கு முன்பாக ஒவ்வொரு சங்கமும் இரண்டு அங்கத்தினரையாவது இந்த வேலையில் பழக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம். அவர்கள் ஊதியம் பெறும் சிப்பந்திகளாக இருக்க வேண்டாம். சிப்பந்தி மாற்றலாகிச் செல்வார், அங்கத்தினர் ஊரில் இருப்பார். ஒருவர் பெண்ணாக இருப்பின் மிக நன்று. பெட்டி வாங்கிய தேதி, அடாப்டரின் வோல்ட், ஒயர் செல்லும் வழி, இணைப்பு நின்ற நாள், நின்ற காரணம் இவற்றைக் குறிக்க ஒரு நோட்டுப்புத்தகம் வைத்தால், அடுத்த முறை நிறுவனத்தாரிடம் வாடகைக் கழிவு கேட்க அதுவே சாட்சியாகும். நாமும் ஆய்வுக்கு வரும்போது இருப்புப் பதிவேட்டோடு அந்த நோட்டையும் கேட்போம்.

மின்கட்டணத்துக்கு அஞ்சி மாலை ஐந்து மணிக்குப் பெட்டியை அணைத்துச் செல்லும் சங்கங்களுக்கு ஒரு கணக்கு. சாதாரணப் பெட்டி 10 வாட் அளவே இழுக்கும். இரவும் பகலும் முப்பது நாள் எரிந்தாலும் 7 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும். கிடங்கில் மறந்து எரியவிடும் 40 வாட் குழல்விளக்கு ஒரு வாரத்தில் இதற்குச் சமமாகத் தின்றுவிடும்.